ஜன்னலைக் காட்டு, ஏட்டி

வளைகுடாவில் இருக்கும் என் மகளுக்கு ஏழாம் மாதம். பேறுகாலம் பார்க்க நான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து, அங்கே எப்போது வேண்டுமானாலும் போர் வரலாம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மார்த்தாண்டத்தில் டிக்கெட் போடுகிறவர், "டிவிக்காரனுவ அப்படித்தான் சொல்லுவானுவ. நீங்க தைரியமா போங்கக்கா" என்றார். டிக்கெட் விற்கிறவர் வேறென்ன சொல்வார்?

மகளிடம் வீடியோ காலில் கேட்டேன். "இங்க ஒண்ணும் இல்லம்மா" என்றாள். அதையும் நான் நம்பவில்லை. அங்கே வேலை பார்த்த என் வீட்டுக்காரர், கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தபோதும் போனில் இதையேதான் சொன்னார். மேலும், எப்போதும் ஜன்னலோரம் இருந்து பேசுகிறவள் அன்று குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அந்த ஜன்னலைக் காட்டு."

"எதுக்கும்மா?"

"காட்டுட்டி."

கண்ணாடி முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டியிருந்தது. "ஒடஞ்சா தெறிக்காம இருக்கும்லா" என்றாள் மெதுவாக.

மறுநாளே டிக்கெட் போட்டோம், எனக்கு அல்ல, அவளுக்கு. அவள் வந்திறங்கிய அதே வாரம் அங்கே விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். பேரன் நெய்யூரில் பிறந்தான்.

மருமகன் இன்னும் அங்கேதான். பிள்ளையைப் பார்க்கத் தினமும் கூப்பிடுகிறார். "ஒண்ணும் இல்ல மாமி" என்கிறார். அவர் ஜன்னலைக் காட்டிய பிறகுதான் நான் பிள்ளையைக் காட்டுகிறேன்.