எந்தப் பட்டியலிலும் இல்லாத எப்சி

தாம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், மெஹ்னாஸ் தினமும் ஒரு பீரியடாவது கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். குரோம்பேட்டை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள் அவள். பி.எஸ்சி. கணித வகுப்பில் சத்யநாராயணன் சார் ஆங்கிலத்தில் விளாசித் தள்ளியபோது, தெரிந்த கணக்கே தெரியாத கணக்காகிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கவும் கூச்சம்.

ஒருநாள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உடம்பு சரியில்லையா, அழுறியா? அழுறதா இருந்தா அப்புறமா வந்து அழு. சார் நல்ல கணக்கு ஒண்ணு போட்டுக்கிட்டு இருக்காரு."

எப்சி அறிமுகமானது அப்படித்தான். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ரயிலில் வருபவள். அங்கே கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் அவளுடைய அப்பா ஞானஜோதி ஷிப்ட் சூப்பர்வைசர். காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் மகளை பைக்கில் கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுவார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதுவாள் எப்சி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதையே மெஹ்னாஸுக்குத் தமிழில் சொல்லிக்கொடுப்பாள். லைப்ரரியில் எந்த மூலையில் மின்விசிறி ஓடும், கேன்டீனில் எத்தனை மணிக்கு லெமன் சாதம் தீரும், எந்த சாரிடம் சந்தேகம் கேட்டால் எரிந்து விழமாட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. செப்டம்பர் முடிவதற்குள் மெஹ்னாஸ் அழுவதை நிறுத்திவிட்டாள்.

வருகைப் பதிவில் மட்டும் எப்சியின் பெயர் வராது. தன் பெயர் பி பிரிவுப் பட்டியலில் இருப்பதாகவும், இங்கே உட்கார அனுமதி வாங்கியிருப்பதாகவும் சொல்வாள். உள்தேர்வு நடந்த வாரம் காய்ச்சல் என்று வரவில்லை. கழுத்தில் எல்லோரையும் போல நீலப் பட்டை தொங்கும். அட்டை துப்பட்டாவுக்குள் இருக்கும். இதையெல்லாம் சந்தேகப்பட மெஹ்னாஸுக்குத் தோன்றவே இல்லை.

நவம்பரில் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். எப்சிக்கு வரவில்லை. ஏ பிரிவு டிக்கெட்டுகளிலும் இல்லை, பி பிரிவு டிக்கெட்டுகளிலும் இல்லை. அலுவலகத்தில் கேட்கலாம் வா என்று மெஹ்னாஸ் இழுத்தபோது, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று நழுவிவிட்டாள். ஒரு வாரம் இப்படியே போனது. தோழிக்காக ஒருமுறையாவது நாம் சண்டை போடுவோம் என்று மெஹ்னாஸ் தனியாகவே அலுவலகத்துக்குப் போனாள்.

கண்காணிப்பாளர் சுந்தரராமன் பொறுமையான மனிதர். கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்தார். இனிஷியலை மாற்றித் தட்டினார். மற்ற பாடப்பிரிவுகளிலும் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பேர்ல இங்க யாரும் சேரவே இல்லையேம்மா."

மெஹ்னாஸ் விடவில்லை. ஜூலையிலிருந்து தினமும் என் பக்கத்தில்தான் சார் உட்காருகிறாள் என்றாள். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். விண்ணப்பித்தவர்களில் எப்சி இருந்தாள். காத்திருப்போரில் இருந்தாள். சேர்ந்தவர்களில் இல்லை.

வெளியே வந்தவள் நேராக லைப்ரரிக்குப் போனாள். அங்கே எப்சி யாருக்கோ கால்குலஸில் வரும் ரோல் தேற்றம் விளக்கிக்கொண்டிருந்தாள். மெஹ்னாஸின் முகத்தைப் பார்த்ததுமே பேனாவை மூடிவிட்டாள்.

சேர்க்கையின் கடைசிப் பட்டியல் வரும் முன்பே எப்சியின் அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டாராம். பட்டியலில் தன் பெயர் இல்லை என்பதை இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று முதல் நாள் கிளம்பி வந்தாளாம். இரண்டு நாள் ஒரு வாரமானது. வாரம் ஐந்து மாதமானது. ஃபீஸ் கட்டக் கொடுத்த கவர் பிரிக்காமல் அவள் பீரோவிலேயே இருக்கிறது. நீலப் பட்டை, ஜெராக்ஸ் கடையில் வாங்கியது. அட்டையில் ஒட்டியிருப்பது பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோ.

"நீ என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள் மெஹ்னாஸ்.

"சொல்லியிருந்தா அப்புறம் எப்படி கிளாஸுக்கு வர்றது?"

இரண்டு நாள் மெஹ்னாஸ் அவளோடு பேசவில்லை. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. தன்னை இந்தக் கல்லூரியில் நிற்க வைத்தவளே இந்தக் கல்லூரியில் இல்லை என்பதை மனசு வாங்கிக்கொள்ள மறுத்தது. மூன்றாம் நாள், வீட்டில் நீயே சொல், நான் கூட வருகிறேன் என்றாள்.

ஞாயிறு மாலை போனார்கள். எப்சி நின்றபடியே சொன்னாள், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவளுடைய அம்மா சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஞானஜோதி கத்துவார், அடிப்பார் என்றெல்லாம் பயந்திருந்தாள் மெஹ்னாஸ். அவர் மகளைப் பார்க்கவே இல்லை. மெஹ்னாஸின் பக்கம் திரும்பினார்.

"நீயாவது நெஜமா அங்க படிக்கிறியாம்மா?"

அவள் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டை நுனியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்தபிறகுதான் மெஹ்னாஸுக்கு அழுகை வந்தது.

கல்லூரிக்கு விஷயம் தெரிந்துபோனது. சத்யநாராயணன் சாரிடம் விளக்கம் கேட்டு எழுதி வாங்கினார்கள். அவர் அன்று பாடம் நடத்தவில்லை. முதல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மெஹ்னாஸ் கால்குலஸில் அறுபத்தொன்று வாங்கினாள். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. எப்சியின் போன் மூன்று மாதம் அணைந்தே கிடந்தது.

அடுத்த ஜூனில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் எப்சிக்குக் கணிதமே கிடைத்தது. ஞானஜோதி லீவு போட்டு, கூடவே போய், ரசீது கைக்கு வரும்வரை நின்றார். வகுப்பு தொடங்கிய முதல் நாள் இரவு எப்சியே மெஹ்னாஸைக் கூப்பிட்டாள். எல்லாம் தெரிந்த பாடம்தான், ஆனாலும் கை வேர்த்துக்கொண்டே இருந்தது என்றாள்.

இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் எப்சி போனில் சாதாரணமாக, இப்பதான் சாப்பிட்டேன் என்று சொன்னால்கூட, அது நிஜம்தானா என்று மெஹ்னாஸின் மனசு ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது.