பாடிப் போகிறவளின் இருமல்

2009 செப்டம்பர் 12, சனிக்கிழமை, காலை ஆறு ஐம்பது. இரவு பெய்த தூறலில் மைதானத்து மண் அரை அங்குல ஆழத்துக்கு நனைந்திருந்தது. வானம் மூடியிருந்தது, காற்று இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் நான் முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் நடத்திய பள்ளியின் மைதானம் அது. மேஜைமேல் இரண்டு தெர்மாமீட்டர், கிருமிநாசினி கலந்த தண்ணீர் ஒரு கிண்ணம், பஞ்சு ஒரு கட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று பெண்கள் கபடி இறுதி ஆட்டம். அந்த வருடப் போட்டிகளில் அதுவே கடைசி.

நான் ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் போட்டிகளுக்குச் செயலாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது. அந்த வருடம் பன்றிக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடைகளில் முகமூடி தீர்ந்துபோயிற்று. மின்சார ரயிலில் யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர்கள் அடுத்த பெட்டிக்கு மாறினார்கள். போட்டியே வேண்டாம் என்றுதான் தலைமையாசிரியை முதலில் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். விளையாட வந்த ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அன்றோடு எல்லாம் நிறுத்தப்படும், அதற்குப் பொறுப்பு நான்.

எனக்குப் பயம் அதிகம். அதனால் விதிகளும் அதிகம். ஆளுக்கொரு தம்ளர், பெயர் எழுதி ஒட்டியது. நடுவருக்கு நடுவர் தனி விசில். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கக் கூடாது, வணக்கம் போதும். ஒரு அணி கழற்றிப் போட்ட பனியனை இன்னொரு அணி போடுவது எங்கள் பள்ளி வழக்கம். அதை நிறுத்தி, கொதிநீரில் துவைத்துக் காய்ந்த பிறகே கொடுக்கச் செய்தேன். வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. ஓடத் தொடங்குவதற்கு முன்பே காய்ச்சல் பார்க்க வேண்டும்; ஓடி வந்த பிறகு பார்த்தால் எல்லோருக்கும் உடம்பு சுடும். மூன்று தடவைக்கு மேல் இருமினால் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், ஏழு நாள் வரக்கூடாது. பிள்ளைகள் எனக்கு 'டிகிரி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் எம்.எஸ்ஸி. என்பதற்காக அல்ல.

கோகோ, வாலிபால், ஓட்டப் பந்தயங்கள் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. கபடியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். ஒருத்தி 'கபடி கபடி' என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிரணிக்குள் போக வேண்டும். அங்கே ஏழு பேர் அவளைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும். ஒரு தொற்றுநோய்க்கு இதைவிட வசதியான ஆட்டம் இல்லை. ஒரு நாள் பயிற்சியில் உட்கார்ந்து எண்ணினேன். இருபது நிமிடத்தில் ஒருத்தி முகத்துக்கு நேராக இன்னொருத்தி மூச்சுவிட்டது நாற்பத்திரண்டு தடவை.

"கைக்குட்டையைக் கட்டிக்கிட்டுப் பாடினா என்ன?" என்று உடற்பயிற்சி ஆசிரியையைக் கேட்டேன். முப்பது வயதுப் பெண், பொறுமைசாலி.

"பாடுறது நடுவருக்குக் கேக்கணுமே சார். கேக்கலைன்னா அவுட்டு."

"முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பிக்கிட்டு?"

அணியின் கேப்டன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண், மெலிந்த உடம்பு, நீளக் கால். "சார், நான் அந்தாண்ட பாத்துக்கினு பாடினா இந்தாண்ட இருக்கறவ காலைப் புட்சி இழுத்துடுவா. அப்பறம் நீங்க வந்து காப்பாத்துவீங்களா?"

"சார் வர மாட்டாரு. மொதல்ல காலுக்கு டிகிரி பாப்பாரு" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில், ஆடும்போது முகமூடி வேண்டாம், ஆடாத நேரம் முழுவதும் இரண்டு மடிப்புக் கைக்குட்டை கட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. அம்மா வீட்டிலேயே தையல். பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்க வைக்க வழியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் ஒரு கல்லூரியில் கட்டணமும் விடுதியும் இலவசம். அதற்கு மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். மாவட்டத் தேர்வாளர் எங்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்து ஆட்களைப் பொறுக்குவார். அந்த ஒரு ஆட்டத்தில் அவர் கண்முன் அவள் ஆட வேண்டும். அடுத்த வருடம் அவள் பள்ளியிலேயே இருக்க மாட்டாள்.

ஏழு பத்துக்கு எதிரணியின் வேன் வந்தது. பல்லாவரத்துப் பள்ளி. பத்துப் பெண்கள், கூட அவர்களுடைய உடற்பயிற்சி ஆசிரியர், நாற்பது வயதுக்காரர். ரமலான் மாதம். அவருக்கும் அவர் அணியில் மூன்று பெண்களுக்கும் நோன்பு. அவர்களுக்காகத்தான் ஆட்டத்தை ஏழரைக்கே வைத்திருந்தேன். அவர்கள் பத்துப் பேருக்கும் காய்ச்சல் இல்லை. எங்கள் அணியில் பெற்றோர் பயந்து நிறுத்தியது போக மிஞ்சியவர்கள் எட்டுப் பேர். வரிசையில் ஏழாவதாகக் கேப்டன் வந்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு, சரியாக இருந்தது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பியவள் இருமினாள். மூன்றோடு நிற்கவில்லை. பதினொன்று வரை எண்ணினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஒண்ணும் இல்ல சார். தொண்ட காறுது, அவ்ளோதான்."

"எத்தனை நாளா?"

"இப்பதான் சார். சத்தியமா இப்பதான்."

அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று நினைத்தேன். மைதானத்தின் மறுகோடியில் வாகை மரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, அவளைத் தனியாக உட்காரச் சொன்னேன். அவள் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் விதியை எழுதியவனே நான்.

மீதி ஏழு பேரை வைத்து ஆட்டத்தை நடத்தலாம் என்று சொன்னேன். பல்லாவரத்து ஆசிரியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணுகூட ஒரு மாசமா தினமும் கட்டிப் புரண்டது யாரு?"

"மத்த பிள்ளைங்கதான்."

"அப்ப அதுக்கு இருந்தா இதுங்க ஏழுக்கும் இருக்கலாம்ல? நாளைக்குத்தானே தெரியும்? நீங்க ஒண்ணைக் கழிச்சிட்டீங்க. கழிச்சா எட்டையும் கழிக்கணும்."

கணக்கு வாத்தியாருக்கு அதைச் சொல்ல ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் வேண்டியிருந்தது. அவர் நினைத்திருந்தால் எங்கள் அணியை ஆடவிடாமல் செய்து கோப்பையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதைச் சொன்னேன்.

"ஆடாம வாங்குற கோப்பைய வச்சு எங்க பொண்ணுங்க என்ன சார் பண்ணும்? சர்பத் குடிக்குமா? அடுத்த சனிக்கிழமை வைங்க. பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பரவால்ல. ஆனா வேன் வாடகைய ரெண்டாந்தரம் எங்க ஸ்கூல்ல தர மாட்டாங்க."

"வேனுக்கு நான் பார்த்துக்கறேன்" என்றேன். தேர்வாளர் ரயிலில் வந்துகொண்டிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர், "அடுத்த சனிக்கிழமைதான் கடைசி சார். சாயந்தரம் லிஸ்ட் கொடுக்கணும். அன்னிக்கு வெளியூர்லேருந்து வரணும், காலைல எட்டரைக்கு முன்னாடி என்னால தாம்பரத்துக்கு வர முடியாது. வந்து பாத்தா உண்டு" என்று சொல்லி அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிட்டார்.

ஏழு ஐம்பதுக்கு வேன் போனது. எட்டு மணிக்குக் கேப்டனின் அம்மா வந்தார். ஆசிரியை போன் செய்து வரவழைத்திருந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"இன்னா சார் ஆச்சு எம் பொண்ணுக்கு?"

இருமலைச் சொன்னேன்.

"இருமலா? காலைல வூட்ல நல்லாத்தான கீது. பழைய சோறு துன்னுட்டு வந்துச்சு." நான் தடுப்பதற்குள் மகளிடம் போய், அவள் மடியில் கிடந்த கைக்குட்டையை எடுத்து முகர்ந்தார். "ஐய, இது தைலம் சார். நாந்தான் ஊத்துனேன். நீலகிரித் தைலம் போட்டா கிருமி அண்டாதுன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. எல்லாரும் ரெண்டு சொட்டுன்னாங்க. கடைசி ஆட்டமாச்சேன்னு நான் கொஞ்சம் கூடவே வுட்டேன்."

"எவ்வளவு கூட?"

"பாட்டில்ல பாதி."

கைக்குட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தேன். நானும் இருமினேன். ஆறு தடவை. ஆசிரியை திரும்பி நின்றுகொண்டார்; தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

"அப்ப அது ஆடலாம்ல?" என்றார் அம்மா.

வேன் போய்விட்டது என்பதைச் சொன்னேன். அது மட்டும் அல்ல. தைலம்தான் காரணமென்று தொண்ணூறு பங்கு நம்பினேன். மீதிப் பத்துப் பங்கை வைத்துக்கொண்டு இன்னொரு பள்ளிப் பிள்ளைகளை அவள்மேல் விழச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏழு நாள் எட்டுப் பேரும் வீட்டில் இருக்கட்டும் என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஏழு நாளு ஸ்கூலுக்கு அனுப்பலைன்னா தெருவுல இன்னா பேசுவாங்க? இந்த வூட்ல பன்னிக் காய்ச்சல்னு பேசுவாங்க. அவங்க அப்பா காண்ட்ராக்ட்டு ஆளு சார். அந்த மேஸ்திரி காதுல வுழுந்துச்சின்னா வேலைக்கே வராதன்னுடுவான். பேஜாராப் பூடும். அதுக்குப் பயந்துதான் தைலமே ஊத்துனேன்."

கேப்டன்தான் பேசினாள். "யம்மா, எட்டுப் பேரும் லீவுதான? எனக்கு மட்டும்னா பேசுவாங்க. டீம் லீவுன்னு சொல்லிக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மட்டும் வூட்டாண்ட வந்துடாதீங்க சார், தெர்மாமீட்டர எடுத்துக்கினு" என்றாள்.

நான் போகவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு எட்டு வீடுகளுக்கும் போன் செய்தேன். மூன்றாம் நாள் ஒரு பெண்ணின் தாத்தா, "உசுரோடதான் இருக்கா, வை" என்றார். ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை. நான்காம் நாள் இரவு எனக்கே தொண்டை கரகரத்தது; எனக்கு நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. பயத்துக்கு அதில் கோடு இல்லை.

தேர்வாளர் எட்டரைக்குத்தான் வருவார் என்பது இன்னொரு கவலை. ஏழரைக்குத் தொடங்கினால் எட்டே காலுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளினால் நோன்பிருக்கும் பெண்கள் வெயிலில் ஆட வேண்டும், தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பல்லாவரத்து ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் அந்த மூன்று பெண்களையும் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டார்.

"ஆடுறோம்னு சொல்லுதுங்க சார். செலக்டர் பாக்காம ஜெயிச்சா ஊர்ல மதிக்க மாட்டாங்களாம். நிழலுக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்க."

சனிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, வெயில் ஏழு மணிக்கே அடித்தது. ஆடுகளத்துக் கோட்டை ஒட்டிச் சாமியானா போட்டிருந்தேன். பதினெட்டுப் பேருக்கும் காய்ச்சல் பார்த்தேன், பதினெட்டுக் கைக்குட்டைகளையும் முகர்ந்து பார்த்தேன். அம்மா வெளி கேட்டுக்கு அப்பால் நின்றார்; விதிப்படி உள்ளே விடவில்லை. எட்டு முப்பத்தைந்துக்குத் தேர்வாளர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எட்டு நாற்பதுக்கு விசில்.

அவள் பாடிப் போகும்போது குரல் கேட் வரைக்கும் கேட்டது. ஏழு நாள் வீட்டில் அடைந்து கிடந்தவள் போலவே இல்லை. நான் அவளுடைய மூச்சை எண்ணவில்லை. புள்ளியை மட்டும் எண்ணினேன். தனியாகப் பதினான்கு எடுத்தாள். ஆனாலும் இருபத்தொன்பதுக்கு இருபத்தாறு என்று எங்கள் அணி தோற்றது. கடைசி மூன்று புள்ளிகளை எடுத்தவள் நோன்பிருந்த ஒரு பெண். முடிந்ததும் இரண்டு அணியும் எதிரெதிரே நின்று வணக்கம் சொன்னார்கள். எங்கள் கேப்டன் அந்தப் பெண்ணைப் பார்த்து, "வெறும் வயித்துலயே இப்டின்னா, துன்னுட்டு வந்தா எங்கள கொன்னுருப்ப" என்றாள்.

தேர்வாளர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நோன்பிருந்த அந்தப் பெண்ணை, பிறகு எங்கள் கேப்டனை. அவள் கேட்டுக்கு ஓடிப்போய்க் கம்பிக்கு அப்பால் நின்ற அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஏழு நாளும் பதினெட்டு வீடுகளுக்குப் போன் செய்தேன். யாருக்கும் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் தலைமையாசிரியையிடம் போய்ப் போட்டிகள் முடிந்தன என்று சொன்னேன். தள்ளிப்போன ஆட்டத்துக்குப் பள்ளியில் பணம் இல்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "எல்லாம் சரி, கையிலேருந்து எவ்வளவு போச்சு?" என்று கேட்டாள். வேனுக்கு எண்ணூற்றைம்பது, இரண்டு நடுவர்களுக்கு முந்நூறு, சாமியானாவுக்கு நானூறு, தேர்வாளரின் ஆட்டோவுக்கு எண்பது, போனுக்கு ஐம்பது. ஆக மொத்தம் ஆயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.