சகலையின் கொக்கி

இரண்டு தேசங்களின் தண்டவாளங்கள் அகலத்தில் ஒத்துப்போகாத இடத்தில்தான் பெரிய ஆப்பரேட்டரின் பிழைப்பு நடந்தது. மலையும் பாலையும் தாண்டி வரும் சரக்கு ரயில் அந்த யார்டில் வந்து நின்றுவிடும். அதற்கப்பால் அதன் சக்கரங்களுக்குப் பாதை கிடையாது. பக்கத்துத் தண்டவாளத்தில் இந்தப் பக்கத்து ரயில் காலியாகக் காத்திருக்கும். அதிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி இதில் வைப்பது அவருடைய கிரேனின் வேலை. எந்த மகாராஜனோ என்றைக்கோ தண்டவாளத்தை ஒரு முழம் தள்ளிப் போட்ட புண்ணியத்தில் ஒரு ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. உலக ஒற்றுமை வந்தால் முதலில் தன் வேலைதான் போகும் என்பார். வீட்டு ஒற்றுமையிலும் அவருக்குப் பெரிய ஈடுபாடு இல்லை.

காரணம், சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். சும்மா சுற்றிக்கொண்டிருந்த மனிதரைக் கையோடு கூட்டிவந்து, மேஸ்திரியிடம் சொல்லி, இரண்டாவது கிரேனில் ஏற்றிவிட்டதே பெரிய ஆப்பரேட்டர்தான். அவர் வாழ்நாளில் செய்த பெரிய உபகாரம் அது. அதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

மாமனார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை ஏதாவது பேச ஆரம்பித்தால் மாமனாருக்குக் காது குடையத் தோன்றும். சின்ன மாப்பிள்ளை ஒரு தடவை இருமினால் உள்ளேயிருந்து வெந்நீர் வரும்.

"சின்னவர்னு கொஞ்சம் செல்லம் குடுக்கறாங்க. அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு" என்றாள் மனைவி.

"அவனுக்குத் தலை பாதி நரைச்சாச்சு. இன்னும் என்ன சின்னவன்?"

"உங்களுக்குத்தான் முழுசா வழுக்கை விழுந்திருக்கு. யாராவது கேட்டாங்களா?"

இரண்டு கிரேன்களுக்கும் நடுவே சில தண்டவாளங்கள்தான் இடைவெளி. மேலே தகரக் கூண்டில் உட்கார்ந்தால் எதிர்க் கூண்டு கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மைபோலத் தெரியும். சகலை புது மெத்தை வாங்கிப் போட்ட அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுமையைத் தூக்குமுன் சகலை கழுத்தைச் சொறிவது, இரும்புக்கயிற்றை முதலில் லேசாக இறுக்கிப் பார்ப்பது, இறக்கும்போது கடைசி அடியில் ஒரு மூச்சு தாமதிப்பது எல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்தக் காதலனும் எந்தப் பெண்ணையும் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டான்.

இதற்கிடையில் வியாபாரம் பெருத்தது. கப்பலில் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருந்த சாமான்கள் ரயில் ஏறி வர ஆரம்பித்தன. பக்கத்திலேயே புது யார்டு கட்டி, புது கிரேன் ஒன்றை நிறுத்தினார்கள். குளிர்சாதனக் கூண்டு, சாய்ந்துகொள்ளும் இருக்கை, ஏறிப்போக லிஃப்ட். அதற்கு ஒரே ஒரு ஆப்பரேட்டர் வேண்டும். இந்த இருவரில் ஒருவர் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பெரிய ஆப்பரேட்டருக்கு அந்த இருக்கை வேண்டும். அதைவிட முக்கியமாக, அது சகலைக்குக் கிடைக்கக் கூடாது.

தேர்வு தானாகவே ரயிலேறி வந்தது. மின்நிலையம் ஒன்றுக்கான ராட்சத இயந்திரம். ஒரு கிரேன் தாங்காது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இரண்டு கிரேன்களும் சேர்ந்தே தூக்க வேண்டும். புது யார்டின் மேலாளர் அம்மா தலைக்கவசத்தோடு வந்து நின்றார். விதி ஒன்றே ஒன்று: ஆப்பரேட்டர்கள் கீழே பச்சைச் சட்டையில் நிற்கும் சைகைக்காரரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது.

சைகைக்காரர் கையை உயர்த்தினார். இயந்திரம் வேகனைவிட்டு எழும்பியது. பெரிய ஆப்பரேட்டரின் கண் பச்சைச் சட்டையில் இல்லை. சகலையின் கொக்கியில் இருந்தது. மேலாளர் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது சகலை ஒரு விரற்கடை முந்திவிட்டால்? சகலை கழுத்தைச் சொறிந்தபோது இவர் தயாரானார். சகலை ஏற்றினால் ஏற்றினார், நிறுத்தினால் நிறுத்தினார்.

நடுவழியில், சைகைக்காரரின் கை அசையாமல் நிற்கும்போதே, சகலையின் கொக்கி சரசரவென்று ஒரு சாண் இறங்கியது.

'எனக்குத் தெரியாம இறக்குறானே. ரகசியமா ஏதோ சொல்லி வச்சிருக்காங்க' என்று அவர் மனம் முடிவுகட்டுவதற்குள் கை தன் நெம்புகோலைத் தள்ளிவிட்டது. அவருடைய கொக்கியும் ஒரு சாண் இறங்கியது. சகலையின் கொக்கி வெடுக்கென்று நின்றது, இவருடையதும் நின்றது. இயந்திரம் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைபோல மட்டமாகத் தொங்கியது.

கீழே சைகைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சகலையின் கிரேனில் பிரேக் வழுக்கியிருந்தது. விதிப்படி இவர் பச்சைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கயிறு அறுந்து, கீழே நின்றவர்கள் மேலேயே விழுந்திருக்கும்.

பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்துவிட்டு மெல்ல இறக்கி வைத்தார்கள். மேலாளர் அம்மா ஏணியடிக்கே வந்தார்.

"பிரேக் போனது உங்களுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சது?"

"அவரையே பாத்துக்கிட்டு இருந்தேம்மா" என்றார். அது உண்மை என்பதால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அம்மா நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா மேஸ்திரி, இந்த மாதிரி ஜோடி எங்க கிடைக்கும்? இனிமே கனமான சரக்கு நிறைய வரப்போகுது. இவங்க ரெண்டு பேரையும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீங்க. புது கிரேனுக்கு நான் வெளியிலேருந்து ஆள் எடுத்துக்கறேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் யோசித்துப் பார்த்தார். இருக்கை போனது போனதுதான். ஆனால் சகலைக்கும் இல்லை. அதை நினைத்ததும் நடையில் கொஞ்சம் துள்ளல்கூட வந்தது. போதாததற்கு, பிரேக் வழுக்கியது அவன் கிரேனில், காப்பாற்றியது இவர். மாமனார் இனிமேல் எப்படிக் காது குடைவார் என்று பார்த்துவிடலாம் என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே மாமனார் வீட்டுக்குப் போனார்.

சகலை முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணன் இல்லேன்னா இன்னிக்கு நாலு உயிர் போயிருக்கும் மாமா. பிரேக் லேசா வழுக்குதுன்னு எனக்குப் போன வாரமே தெரியும். சொன்னா கிரேனை நிறுத்திடுவாங்க, புது கிரேன் அண்ணனுக்குப் போயிடும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மேஸ்திரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வர்றேன். தப்பு என்னுதுதான்."

பெரிய ஆப்பரேட்டர் மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமனார் எழுந்து வந்து சின்ன மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "தன் தப்பைத் தானே ஒத்துக்கற மனசு இந்தக் காலத்துல யாருக்கு வரும்" என்றவர் பெரிய மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "பாத்துக் கத்துக்கோங்க மாப்ளே."

உள்ளேயிருந்து வெந்நீர் வந்தது. சின்ன மாப்பிள்ளை இருமக்கூட இல்லை.

தான் மறைத்து வைத்திருக்கிற தப்பு ஏதாவது உண்டா, அதைச் சகலையைவிட அழகாக ஒத்துக்கொள்ள முடியுமா என்று பெரிய ஆப்பரேட்டர் அவசர அவசரமாகத் தேடிப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது: பச்சைச் சட்டையை விட்டுவிட்டுச் சகலையையே பார்த்துக்கொண்டிருந்ததன் காரணம். அதை அந்தக் கூடத்தில் வைத்துச் சொல்ல முடியாது.