எட்டாம் கட்டில்

"தண்ணி போடுவாரா?" என்று கேட்டாள் நர்ஸ் ஷப்ரீன்.

சேட்டுவின் மனைவி சுலோச்சனா வாயைத் திறப்பதற்குள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா சிட்டம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க சம்பந்தி பீடி கூட தொடமாட்டாரு சிஸ்டரு. அதப் பாத்துதானே பொண்ணு எடுக்கறோம்!"

"காபியே சக்கர கம்மியாதான் குடிப்பாரு," என்றாள் சுலோச்சனா, தரையைப் பார்த்தபடி.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. ஆபரேஷனுக்கு இது தெரியணும்."

"இன்னா யோசிக்கிறது? எம் புருஷன எனக்குத் தெரியாதா?"

தொடை எலும்பு முறிந்து எட்டாம் கட்டிலில் கிடந்த சேட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஷப்ரீன் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்தப் பேச்சு இன்றும் அவளுக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. அடிபட்ட அன்றே சம்பந்தி வீட்டார் வந்து பார்க்காவிட்டால் பெரிய குறையாகிவிடும். திருப்புலிவனத்துக் கழனியில் டிராக்டரிலிருந்து சேட்டு விழுந்த செய்தி கேட்டு, அவர்கள் உத்திரமேரூர் எலும்பு ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் எந்த மனைவி உண்மையைச் சொல்வாள்? தினம் குடிப்பவருக்குக் குடி சட்டென்று நின்றுபோனால் இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறும். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம். இப்போதெல்லாம் ஷப்ரீன் மனைவியைத் தனியாகத் தண்ணீர் கேன் பக்கம் அழைத்துப்போய்த்தான் அதைக் கேட்கிறாள்.

மூன்றாம் நாள் மதியம் சேட்டு எழுந்து உட்கார்ந்து கத்தினார். "மோட்டார் ஓடிக்கினு கீது! கழனி பூரா தண்ணி! வுடுங்கடா என்னை!" உடைந்த காலைக் கீழே வைக்கப் போனவரை ஷப்ரீன் தோளைப் பிடித்து அழுத்தினாள். "இங்க மோட்டாரே இல்ல, படுங்க," என்றாள். அவர் வீசிய கை அவளுடைய இடது காதில் விழுந்தது.

வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவர் கைகளைக் கட்டிலோடு இறுக்கிக் கட்டினார்கள். சுலோச்சனா அழுதபடி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அதன் பிறகுதான் சரியான மருந்து ஏறத் தொடங்கியது.

ஷப்ரீனின் காதுக்குள் ஓர் இரைச்சல் தங்கிவிட்டது. "நீ ஏன் அவ்ளோ பக்கத்துல போன?" என்றாள் சீனியர் நர்ஸ் சுதா. மருந்துக் கவுன்ட்டரில் இருந்தவரும் அதையே கேட்டார். வலிக்கிறதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அவள் சாப்பிடப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். வீட்டிலும் சொல்ல முடியாது. பஜாரில் பைக் கடை வைத்திருக்கும் அத்தா நஜிமுதீன் அவளை வேலைக்கு அனுப்பச் சம்மதித்ததே பெரும்பாடு. தெரிந்தால் மறுநாளே நிறுத்திவிடுவார். அம்மா தன் வலப்பக்கம், நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம், இருக்கும்படி ஷப்ரீன் இடம் மாற்றி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"இன்னாடி, கூப்டா திரும்ப மாட்டேங்கற?" என்றாள் அம்மா.

"தூக்கம்மா."

மறுநாள் சுதா, "நீ லேடீஸ் வார்டுக்குப் போயிடு. எட்டாம் கட்டில நான் பாத்துக்கறேன்," என்றாள். ஷப்ரீனுக்குப் போய்விடத்தான் ஆசை. ஆனால் இன்று ஒதுங்கினால், இனிமேல் குரல் உயரும் எந்தக் கட்டிலுக்கும் தன் கால் நகராது என்று பயமாக இருந்தது.

"நானே போறேன்க்கா."

சாயங்காலம் சேட்டு மறுபடி கத்தினார். கட்டிலைச் சுற்றி நின்று அதட்டியவர்களை ஷப்ரீன் வெளியே போகச் சொன்னாள். அவர் பிடித்து இழுத்துவிடாதபடி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். ஸ்டூலைக் கதவுப் பக்கமாக, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த மோட்டாருண்ணா? ஏரிக்கரை மோட்டாரா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா. வரப்பு ஒடைஞ்சிடும்."

"கஷ்டமாச்சே. சாவி யாராண்ட கீது?"

"சுலோச்சனா கிட்ட."

"அவங்க பாத்துப்பாங்க. உங்களுக்கு நாக்கு வறண்டு போச்சே, கொஞ்சம் தண்ணி தரட்டா?"

அவர் தலையசைத்தார். தண்ணீரோடு மாத்திரையும் உள்ளே போயிற்று. அன்று கையைக் கட்டவேண்டி வரவில்லை. வார்டில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அவளும் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

புத்தி தெளிந்ததும் சேட்டு, மணிக்கட்டில் இருந்த காயம் எப்படி வந்தது, தான் யாரை அடித்தோம், மறுநாள் கட்டாமலே தண்ணீர் கொடுத்தது யார் என்றெல்லாம் மனைவியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆபரேஷன் நாள் காலையில் பிரஷர் பார்க்க வந்த ஷப்ரீனை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சிஸ்டரு," என்றார். "மயக்க மருந்து தெளிஞ்சி மறுபடி நான் அந்த மாரி ஆனா, நீயே வந்து கட்டும்மா. அவனுங்கள வுடாத."