லைனை வைக்க மாட்டேன்

லிஃப்டுக்குள் மணிப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் எங்கோ ஓர் அறையில் யாரோ எடுத்துப் பேசுவார்கள். அந்த யாரோதான் மணியக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. பத்தொன்பது வருஷமாக மணி அடித்தால் எடுக்கிறவள் என்பதால் மெக்கானிக்குகள் வைத்த பேர் இது. சம்பளச் சீட்டில் இருக்கும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுடையது ஜன்னல் இல்லாத அறை. சுவரில் ஒரு பலகை, அதில் கட்டடத்துக்கு ஒன்றாக நாற்பத்தாறு சின்ன விளக்குகள். எங்கே மணி அடிக்கிறதோ அந்த விளக்கு மினுக்கும், லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பக்கத்தில் எண் விழும். பேச மூன்று போன்கள். தொற்று வருவதற்கு முன் மூன்று போனுக்கும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தர் காய்ச்சல் என்று போனார். இன்னொருத்தர் காய்ச்சல் வந்துவிடும் என்று போனார். மிச்சம் மணியக்கா.

இந்த வேலையில் முதல் நாளே சொல்லித்தருவது ஒன்றுதான். உள்ளே ஆள் இருக்கும்வரை நாமாக லைனை வைக்கக் கூடாது. மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும்வரை எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மணியக்கா அதில் கைதேர்ந்தவள். கல்யாணத்துக்குக் கிளம்பி நடுவழியில் மாட்டிக்கொண்ட ஒரு மாமியாரையும் மருமகளையும் ஒருமுறை நாற்பது நிமிஷம் சண்டை வராமல் காப்பாற்றினாள். கம்பெனி அதற்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை என்பது தனிக் கதை.

ஊரடங்கு வந்ததும் வெளியே போவாரும் இல்லை, வருவாரும் இல்லை. ஆனால் மணி மட்டும் முன்பைவிட அதிகமாக அடித்தது. எடுத்தால் லிஃப்டுக்கு ஒரு கோளாறும் இருக்காது. "சும்மாத்தான்மா, வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்பார்கள். பிறகு வைக்க மாட்டார்கள். ஆறு வயசுப் பொடிசு ஒன்று தனக்குப் பல் விழுந்த சேதியைச் சொன்னது. குழந்தை பெற்று ஒரு மாதமான ஒருத்தி, பிள்ளை தூங்கிய பத்து நிமிஷத்தில் லிஃப்டுக்குள் வந்து நின்று, "எங்கம்மாவால வர முடியல. யார்கிட்டயாவது அழணும்போல இருந்துச்சு" என்று அழுதுவிட்டுப் போனாள். டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தினமும் காலை பதினோரு மணிக்கு அழைப்பார். ஏழாம் மாடிக்காரர். அவர்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பொறுப்பு அவர்தான் என்பதால் அவர் போன் நம்பர் மணியக்காவின் நோட்டில் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை மணியைச் சோதித்தால் போதும். மனைவி காலமாகி, மகனும் வெளியூரில் மாட்டிக்கொண்ட பிறகு அந்தச் சோதனை தினசரி ஆகிவிட்டது.

மணியக்கா வீட்டிலும் அதே லட்சணம்தான். தினம் வெளியே போய் வருகிறவள் என்று அவளை முன்னறையில் ஒதுக்கிவிட்டார்கள். தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு மகள் ஓடுவாள். குற்றம் சொல்ல முடியாது, கணவருக்கு நெஞ்சுக் கோளாறு. ஆனாலும் மூன்று மாதமாக ஒரு மனுஷக் கை மேலே படவில்லை என்பது அவளுக்குத் துக்கமாக இருந்தது. மணி அடித்ததும் அவள் பாய்ந்து எடுத்ததில் கடமை பாதி, ஆசை பாதி.

இது மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டு சட்டம் பேசுகிற ஆள் அவர். கோளாறு இல்லாத அழைப்பை ஒரு நிமிஷத்தில் துண்டிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"நிஜமாவே ஒருத்தர் மாட்டிக்கிட்டு, லைன் கிடைக்கலன்னா யாரு பதில் சொல்றது?"

"மூணு போன் இருக்கே சார்."

"ஆள் ஒண்ணுதானே இருக்கு?"

அதில் நியாயம் இருந்தது. அதனால் மணியக்கா தலையை ஆட்டித் தொலைத்தாள். மறுநாளே பெரியவரைப் பேச்சின் நடுவில் வெட்டினாள். அதற்கடுத்த நாள் பதினோரு மணிக்கு மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது.

பெரியவர் இருக்கும் அதே கட்டடத்திலிருந்து மதியம் நாலு மணி வாக்கில் இன்னொரு அழைப்பும் வருவதுண்டு. எடுத்தால் பேச்சே இருக்காது. யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். மணியக்கா இரண்டு 'ஹலோ' சொல்லிப் பார்த்துவிட்டு, நோட்டில் 'பிள்ளைகள் விளையாட்டு' என்று எழுதுவாள். ஒன்பது நாள் அப்படித்தான் எழுதினாள். பேசுகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டவளுக்குப் பேசாததைப் பற்றிக் கவலைப்படத் தோன்றவில்லை. அந்தத் தப்பை அவள் பிற்பாடு யாரிடமும் மறைத்ததில்லை.

பத்தாம் நாள் நாலு மணிக்கு அந்த விளக்கு மினுக்கியது. எண் தரைத்தளத்தைக் காட்டியது. உள்ளே நிறுத்தும் சுவிட்சைப் போட்டுக் கதவை மூடி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எடுத்தாள். இந்த முறை விசும்பல் கேட்டது. அது விளையாட்டுப் பிள்ளையின் அழுகை இல்லை.

"யாரு கண்ணு? ஏன் அழற?"

"நீங்க ரெக்கார்டிங்கா, ஆளா?"

"ஆள்தான்."

"ரெக்கார்டிங் சொல்லாத எதையாவது சொல்லுங்க."

"இன்னிக்கு என் செருப்பு வார் அறுந்துபோச்சு. தைக்கிறவர் கடை மூடிக் கெடக்கு. ஊக்கு குத்திப் போட்டுக்கிட்டு வந்தேன், அது காலைக் குத்துது. போதுமா?"

அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. இருபது வயசுப் பெண். நாலாம் மாடியில் மூன்று பேராகத் தங்கிப் படித்தவர்கள். மற்ற இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். இவள் கிளம்புவதற்குள் வண்டி நின்றுவிட்டது. இரண்டரை மாதமாகச் சுவரும் கம்ப்யூட்டரும்தான் துணை.

"ரூமுக்குப் போனா என்னை நானே என்ன பண்ணிக்குவேன்னு தெரியல அக்கா. எனக்கே பயமா இருக்கு."

மணியக்கா பயந்துதான் போனாள். குரலில் மட்டும் காட்டவில்லை.

"அப்ப ரூமுக்குப் போக வேணாம். அங்கயே உக்காரு. லைனை நான் வைக்க மாட்டேன்."

ஒரு நிமிஷம் தாண்டி, பத்து நிமிஷமும் தாண்டியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மேனேஜர் எழுந்து வந்தார். கடிகாரத்தைக் காட்டிக் கையால் வெட்டுவது போலச் சைகை செய்தார். மணியக்கா போனின் வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு, "முடியாது சார்" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் மேலதிகாரியிடம் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபோது நாக்கு கூசும் என்று நினைத்தாள். கூசவில்லை.

அந்த நேரம் பார்த்து இன்னொரு விளக்கு மினுக்கியது. நிஜமாகவே ஒரு தம்பதி இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டியிருந்தார்கள். மேனேஜர் 'பார்த்தாயா' என்கிற மாதிரி நின்றார். மணியக்கா இரண்டாவது போனை மறு காதில் வைத்து, பணியில் இருந்த ஒரே மெக்கானிக்கை அங்கே விரட்டி, தம்பதியின் அழைப்பு வந்த மூன்றாவது போனைத் தூக்கி மேனேஜர் கையில் திணித்தாள். "அவங்ககிட்ட நீங்க பேசுங்க சார். பயமா இருக்கும். மெக்கானிக் வர்ற வரைக்கும் வச்சிராதீங்க." மனுஷர் திருதிருவென்று விழித்தார். பிறகு பேசினார், பாவம், வெயிலைப் பற்றி.

மனநல உதவி எண்ணுக்கு அடித்தால் காத்திருக்கச் சொல்லி இசை ஓடிக்கொண்டே இருந்தது. இருந்த மெக்கானிக்கும் போயாயிற்று. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் ஆள். மணியக்கா நோட்டைப் புரட்டிப் பெரியவரை அழைத்தாள்.

"ஐயா, அன்னிக்கு உங்களை வெட்டினது தப்பு. திட்டுறதா இருந்தா நாளைக்குத் திட்டுங்க. இப்ப உங்க லிஃப்டுல ஒரு பொண்ணு தனியா உக்காந்து அழுவுது. கீழ போவீங்களா?"

"வாசப்படி தாண்டக் கூடாதுன்னு என் பையன் சத்தியம் வாங்கியிருக்கானேம்மா."

"தெரியும் ஐயா."

போனில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. "செருப்பைத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

எழுபத்து நாலு வயசு, ஏழு மாடிப் படிக்கட்டு, முழங்காலில் வாதம். இருபது நிமிஷம் ஆனது. அதுவரை மணியக்கா தன் வீட்டுக் கதை, மாமியார் மருமகள் கதை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள். கதை தீர்ந்தபோது, தனக்கும் தினம் சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதையும் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

பிறகு கதவுக்கு வெளியே இரைக்க இரைக்க ஒரு குரல் கேட்டது.

"பாப்பா, ஏழாம் மாடித் தாத்தா வந்திருக்கேன். கதவைத் திற."

"வேணாம் தாத்தா. நீங்க போங்க."

"எப்படிப் போறது? எறங்கிட்டேன், ஏற முடியாது. என் முட்டி ரெண்டும் கைவிட்டுருச்சு. லிஃப்டை நீ பிடிச்சு வச்சிருக்க. நீ விட்டாத்தான் நான் வீடு போய்ச் சேருவேன்."

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவரால் முடியாது. அது அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும். ரொம்ப நாளைக்கப்புறம் அவளால் ஆக வேண்டிய காரியம் ஒன்று அவள் முன்னால் நின்றது. சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. கதவு இழுபட்டுத் திறந்தது.

"நீ அந்த மூலையில நில்லு, நான் இந்த மூலையில. அக்காவையும் லைன்லயே வச்சுக்கலாம்" என்றார் பெரியவர்.

அன்றிரவு முழுக்க நாலாம் மாடிக் கதவு திறந்தே இருந்தது. வெளியே நடையில் நாற்காலி போட்டுப் பெரியவர் காவல் இருந்தார். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அக்கா அனுமதிச் சீட்டு வாங்கி வந்து தங்கையை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

மேனேஜர் விளக்கம் கேட்கும் படிவத்தை நீட்டினார். "நல்ல காரியம்தான் மேடம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா மேல கேக்குறாங்க. வருத்தம் தெரிவிக்கிற மாதிரி ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க, முடிச்சுடலாம். இல்லன்னா வேலைக்கே உலை வச்சிருவாங்க."

மணியக்கா படிவத்தைப் பலகைக்கு அடியிலேயே வைத்து எழுதினாள். ஒரே அழைப்பு ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம் நீடித்ததற்குக் காரணம் என்ற இடத்தில், 'அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள்' என்று எழுதினாள். இது மீண்டும் நடக்காமல் இருக்க எடுக்கப்போகும் நடவடிக்கை என்ற இடத்தில், 'மீண்டும் நடக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.