அத்தைக்கு வந்த ஜுரம்

எங்கள் வீட்டில் யார் எந்தத் திதியில் செத்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். எதனால் செத்தார்கள் என்று கேட்டால்தான் வாய் அடைத்துப்போகும். இந்த மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் நாங்கள் மட்டும் இப்படி என்று இல்லை. கோத்திரம், சூத்திரம், மூன்று தலைமுறைப் பெயர்கள் எல்லாம் எல்லோருக்கும் நாக்கு நுனியில் இருக்கும். நோய்க்கு மட்டும் இரண்டே பெயர்கள். ஆண் என்றால் நெஞ்சுவலி, பெண் என்றால் ஜுரம்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, அவளும் ஜுரத்தில்தான் போனாள். அதாவது வெளியில் அப்படிச் சொன்னோம். புக்ககத்தார் அவளுடைய பிள்ளையை வைத்துக்கொண்டு அவளை மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்கட்டு அறையில் ஆறு மாதம் கிடந்தாள். மார்புப் புண்ணில் வைத்துக் கட்டிய, வாடை போகாத பழந்துணிகளைத் தோய்த்தது அம்மா, உலர்த்தியது நான். அது என்ன ஜுரம் என்று எனக்குத் தெரியாதா? பதினான்கு வயது எனக்கு. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், யார் கேட்டாலும் ஜுரம் என்று சொல் என்றார். அந்த இரண்டு பெண்கள் நானும் என் தங்கையும். தங்கைக்கு எட்டு வயது என்பதால் அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் நடந்தது. தங்கை, கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகி எங்களோடேயே மாடியறையில் இருந்தாள். பெண்ணைப் பெற்றது நான், வளர்த்தது அவள். காலையில் தலை பின்னி, டிபன் கட்டி, வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்து எல்லாம் அவள்தான். நான் செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்புகிறவள் என்று எனக்கு ஆபீசில் ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தங்கையின் மார்பில் கட்டி வந்தபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் பெண் எதிரில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பினாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த வியாதி உண்டா, அப்பா வழியிலும் பார்க்க வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டாள். இருந்தால் ரத்தம் எடுத்து ஜீனைப் பார்ப்போம், அதைப் பொறுத்து மருந்தும் மாறும், ஆபரேஷனும் மாறும் என்று பொறுமையாகவே விளக்கினாள். எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகப் புரிந்தது.

ஆனால் அந்த வாரம்தான் என் பெண்ணுக்கு ஒரு வரன் வந்து ஜாதகம் பொருந்தியிருந்தது. பையனின் சித்தி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் தெருவில் கிழக்கு வீட்டில் தும்மினால் மேற்கு வீட்டில் கஷாயம் கொதிக்கும். என் பெண்ணின் சித்திக்கு வந்தது ஒரு தனி நோய் என்றால் பரவாயில்லை, பாவம் என்பார்கள். குடும்பத்து நோய் என்று ஆகிவிட்டால் என் பெண்ணை யார் பார்ப்பார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

“யாருக்கும் இல்லை” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். டாக்டர் பெண் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். தங்கை பக்கத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

புற்றுநோய் என்றால் வெட்டுவார்கள், கீமோ கொடுப்பார்கள், அதற்கு அத்தை எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியே எல்லாம் நடந்தது. அவளுக்கு முடி கொட்டி மறுபடி முளைத்தது, அதுவும் சுருட்டையாக. கோவிலுக்குப் போகிற வழியில் எல்லோரும் விசாரித்தார்கள். நான் தலை நிமிர்ந்து நடந்தேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த வரனோ தட்டிப்போனது. பையனுக்கு ஏற்கெனவே யாரையோ பிடித்திருந்ததாம். என் பெண் இரண்டு வருஷம் கழித்து, கூட வேலை பார்க்கிற ஒரு மலையாளிப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவனுக்கு ஜாதகமே கிடையாது. கல்யாணத்துக்கு நாள்கூட நாங்கள் பார்த்ததுதான்.

நான்காவது வருஷம் தங்கைக்கு வயிறு உப்பியது. வாயு என்று ஜீரகத் தண்ணீர் குடித்தாள், சேனையை நிறுத்தினாள், பெருங்காயத்தைக் கூட்டினாள். இரண்டு மாதம் இப்படிப் போக்கடித்தோம். ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பைக்குப் பக்கத்தில், சினைப்பையில், புதிதாக ஒரு புற்று. பழையது பரவியது இல்லை, வேறு.

இந்த முறை பெரிய டாக்டர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. சினைப்பை என்றால் எல்லோருக்கும் ஜீன் பார்ப்பது வழக்கம் என்று ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டார். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. உடம்பில் பழுது பார்க்கிற ஒரு ஜீன் இவளுக்குப் பிறக்கும்போதே பழுது என்றார்கள். அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். ஆண்களிடம் அது பெரும்பாலும் சத்தம் போடாமல் இருந்துவிடும் என்று ஜீன் விஷயம் பேசுவதற்கென்றே இருக்கும் ஒரு பெண் விளக்கினாள். அவளுடைய அறைச் சுவரில் ஒரு போஸ்டர், ஒவ்வொருவருக்கும் அவரவர் ஜீனுக்கு ஏற்ற சிகிச்சை என்று. எதிர்காலமே அதில்தான் இருக்கிறது என்றாள் அவள். அளவெடுத்துத் தைப்பது மாதிரிதான். சரி, அளவு சொல்லாத கழுதைக்கு யார் என்ன தைக்க முடியும்?

தங்கையை வெளியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் டாக்டரிடம் திரும்பிப் போய், முதலிலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். சினைப்பையை அப்போதே எடுத்திருப்போம் என்றார். இந்த நோய் அனேகமாக வந்தே இருக்காது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறது என்று ஃபைலைப் புரட்டிக் காட்டினார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கீமோவுக்குப் பிறகு, அந்த ஜீன் பழுதான உடம்பில் மட்டும் நன்றாக வேலை செய்கிற ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. பொய் சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் மாடிப்படி ஏறினாள், அவியல் செய்தாள், டியூஷன் பிள்ளைகளைத் திட்டினாள். பிறகு நோய் அந்த மாத்திரையையும் பழகிக்கொண்டது.

ஜீன் அறைப் பெண், ரத்த சம்பந்தம் உள்ள எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மும்பையில் இருக்கிற அத்தையின் பிள்ளைக்குப் போன் செய்தேன். அவன் மனைவிதான் எடுத்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அக்கா, எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், பெண்ணுக்குப் பார்த்துண்டிருக்கோம் என்றாள். அவளைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இருக்கவில்லை. ஆனாலும் திட்டினேன். வைத்துவிட்டாள்.

நான் ரத்தம் கொடுத்தேன். எனக்கு அது இருக்க வேண்டும் என்றே நினைத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தால் தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாம். முடிவு வந்தது. எனக்கு இல்லை. என்னிடம் இல்லாததால் என் பெண்ணுக்கு என்னிடமிருந்து அது போயிருக்கவே முடியாது என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு தங்கையின் அறைக்குப் போனேன். அப்போது அவளை மாடியிலிருந்து கீழே முன்னறைக்கு மாற்றியிருந்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி வரிவரியாகப் படித்தாள்.

“அப்போ குழந்தைக்கும் இருக்காது, அல்லே?” என் பெண்ணை அவள் இன்னும் குழந்தை என்றுதான் சொல்லுவாள்.

“இருக்காது.”

முகம் அப்படியே மலர்ந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கு அந்த ஃபாரத்துல அத்தையைப் பத்திச் சொல்லியிருக்கலாம், கேட்டியா அக்கா. எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. குழந்தைக்கு வரன் வந்து நிக்கறதேன்னு மிண்டாம இருந்துட்டேன்.”

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“எட்டு வயசுல மூக்கு வேலை செய்யாதா?” என்றாள். கோபமே இல்லை. என் பெண்ணுக்குப் போன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, உனக்கு ஒண்ணும் இல்லைடி, நீ நிம்மதியா இரு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் அவள் அழ, இவள் சமாதானம் செய்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதத்தில் தங்கை போய்விட்டாள். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி அறையில் நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் யாரைக் காப்பாற்றினோமோ, அவளுக்கு ஆபத்தே இருக்கவில்லை.