‘இ’ இல்லாத நோட்டீஸ்

‘இ’ என்ற எழுத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுத்தின்மேல் குற்றமில்லை. அதை வைத்து மனிதர்கள் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் டிசைனராக இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கும்பாபிஷேகம், கட்சிக்கூட்டம் எதுவானாலும் எங்கள் கடையில்தான் எழுத்தாகும். எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவேன். முதலில் ஜெராக்ஸ் மெஷினோடு நின்றேன், பிறகு பேப்பர் வெட்டினேன், லேமினேஷன் போட்டேன். கடைசியில்தான் ரோட்டைப் பார்த்த கம்ப்யூட்டர் நாற்காலி கிடைத்தது. கண்ணாடிக் கதவை ஒட்டிய நாற்காலி, பக்கத்தில் வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். களமருதூர்ப் பக்கத்துப் பெரிய நிலக்காரர்கள்கூட அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, மாமனார் பேரைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் சார் என்பார்கள். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் வீட்டு வாசலில் என் அப்பா நின்றுகொண்டுதான் பேசுவார். அந்த நாற்காலி எனக்கு என்ன என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மழை நாளில் இடி இறங்கிப் பழைய கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்த டிஸ்க் மட்டும் தப்பியது. முதலாளி புது மெஷின் ஒன்று வாங்கினார், அதில் புது ஓ.எஸ். இருந்தது. எங்கள் கடையின் மொத்தப் பிழைப்பும் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களில் இருந்தது. அந்த மென்பொருளைச் செய்தவர்களே அதைக் கைகழுவிப் பல வருஷம் ஆகிவிட்டது. புதிதாக ஏதாவது வாங்கலாம் என்றால் முதலாளி முகத்தைச் சுளித்தார். "பழசுல இன்னா கொற? அதையே ஓட வெய்யி" என்றார். ஓட வைப்பது அவரா, நானா?

சி.டி.யைப் போட்டால், இந்தக் கணினியில் இது ஓடாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. பழைய டிஸ்க்கிலிருந்து ஃபோல்டரை அப்படியே தூக்கிவந்து போட்டேன். அதற்கென்று ஒரு வசதி இருக்கிறது: நீ இன்னும் பழைய ஓ.எஸ்.ஸில்தான் இருக்கிறாய் என்று மென்பொருளிடம் பொய் சொல்லும் வசதி. அந்தப் பொய்யைச் சொன்னேன். நம்பித் திறந்தது, பிரிண்டர் எங்கே என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. இல்லாத பிரிண்டர் ஒன்றை இருப்பதாகக் காட்டினேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அனுமதி கேட்டது, கொடுத்தேன். ஒருவழியாக ஓடியது. வேண்டாவெறுப்பாகப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்த கதைதான். இரண்டு பக்கம் அடித்தால் ஒருமுறை உறைந்து நிற்கும். எனக்கு அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. முதலாளி மட்டும், தானே ஓட வைத்ததுபோல் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தவர் கல்வராயன் மலைக்காரர். ஒவ்வொரு வருஷமும் அவர்கள் ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸுக்கு இறங்கி வருவார். பழைய ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"இன்னா சார், ‘ரவு பத்து மணிக்குத் தெருக்கூத்து’ன்னு இருக்குது?"

வாங்கிப் பார்த்தேன். ‘ன்னிசை’ என்று இருந்தது. அடியில் ‘ப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’ என்று இருந்தது. தாள் முழுக்க ஒரு ‘இ’ கிடையாது. திரையில் பார்த்தால் எல்லா ‘இ’யும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. முதலாளியும் எழுந்துவந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு மானம் போனது. மலைக்காரர்தான் சிரித்தார்.

"கொண்ட ஊசி வளைவுல எங்கனா வுழுந்திருக்கும், வுடுங்க சார்."

காரணத்தைத் தோண்டிப் பார்த்தேன். எங்கள் பழைய தமிழ் எழுத்துருவில் ‘இ’ உட்கார்ந்திருந்த இடத்தைப் புது ஓ.எஸ். வேறொரு வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டது. அங்கே என்ன எழுத்து இருந்தாலும் அச்சில் அதற்கு வெற்றிடம்தான். மாற்று வழி ஒன்று கண்டுபிடித்தேன். வேறு எழுத்துருவிலிருந்து ‘இ’யைப் படமாக எடுத்து, வேண்டிய அளவுகளில் வைத்துக்கொண்டு, வரும் இடத்திலெல்லாம் கையால் ஒட்டினேன். பல்லில்லாதவருக்குக் கட்டுப்பல் வைப்பதுபோல ஒரு வேலை. மலைக்காரர் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அதுவரை காத்திருந்து வாங்கிப் போனார்.

அச்சகத்துக்கு ஃபைல் கொண்டுபோவது முதலாளியின் வேலை. படம் தனியாக, ஃபைல் தனியாக இருக்கும், ஃபைலை மட்டும் எடுத்துப் போனால் ‘இ’ இங்கேயே தங்கிவிடும், ஃபோல்டரோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். சரி சரி என்றார். எந்த விஷயத்துக்கும் அவர் இரண்டு முறை சரி சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துத்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. தங்கள் ஜாதிக்குத் தனியாக வேண்டும் என்று காலையில் ஒரு கூட்டம் நோட்டீஸ் அடிக்க வரும். அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சாயந்திரம் இன்னொரு கூட்டம் வரும். முதலாளி இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கடையில் டீ வரவழைத்து, உங்கள் பக்கம்தான் நியாயம் என்று ஒரே வாயால் சொல்லுவார். கேட்கிறவர்கள் கேட்கட்டும், கேட்பது அவரவர் உரிமை. நானே அப்படி ஒதுக்கிய ஒரு இடத்தில்தான் படித்து வந்தவன். எனக்குக் குமட்டியது கோரிக்கைக்குக் கீழே அவர்கள் போடச் சொன்ன வரிகள். தங்கள் தாத்தாக்கள் யார் யார் தலைமேல் ஏறி நின்றார்கள் என்ற பெருமை, இரண்டு பக்கமும் பாயும் சிங்கம், நடுவில் கத்தி. பின்தங்கிவிட்டோம் என்று மேலே ஒரு வரி, எவனுக்கும் நாங்கள் தாழ்ந்தவர்கள் இல்லை என்று கீழே ஒரு வரி. அடித்து முடித்ததும் கை கழுவிவிட்டு வருவேன்.

காலைக் கூட்டத்தின் ஜாதிச் சங்கத்திலிருந்து ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ‘தனி இட ஒதுக்கீடு வழங்கு’ என்பது தலைப்பு. அந்த ‘இ’யைப் பெரிதாக, சிவப்பில், கோணாமல் பார்த்துப் பார்த்து வைத்தேன். முதலாளி அவசரம் அவசரமாகப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார். ஃபைலை மட்டும் ஏற்றியிருக்கிறார். நோட்டீஸ் கட்டுக் கட்டாக அச்சாகி, கடைக்கு வராமலே நேராகச் சங்கத்துக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் எதிர்க் கூட்டத்துக்காரர் எவரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார். ‘தனி ட ஒதுக்கீடு’ கேட்கிறார்களாம் என்று ஊரே சிரித்தது.

சங்கத்துச் செயலாளர் நாலைந்து பேரோடு வந்து, ஒரு நோட்டீஸ் கட்டைத் தூக்கி என் கீபோர்டின்மேல் போட்டார். ஸ்டூலில் உட்காரவில்லை. என்னிடம் பேசவுமில்லை. யார் அடித்தது என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி கண்ணால் என்னைக் காட்டினார்.

"எந்த ஊரு நீ?"

எலவனாசூர்கோட்டை என்றேன்.

"எலவனாசூர்கோட்டையில எந்தத் தெரு?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தெருவைச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்புறம் இன்னா. எங்களுக்கு எடம் வரக்கூடாதுன்னு எழுத்தையே எடுத்துட்டான்."

இடத்துக்கு வாயால் ஒருநாளும் ‘இ’ சொல்லாத மனிதர். அவருக்கு எப்போதும் எடம்தான், எட ஒதுக்கீடுதான். அச்சில் ‘இ’ இல்லையென்று என் தெருவைக் கேட்கிறார். நான் எழுத்துரு, ஓ.எஸ்., படம் என்று விளக்கப் போனேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். அங்கே ‘இ’ சிவப்பாக, பெரிதாக உட்கார்ந்திருந்தது. அதுவே வினையாகிவிட்டது. இங்கே இருக்கிறது, அச்சில் இல்லை, வேண்டுமென்றே செய்திருக்கிறான் பாருங்கள் என்றார்கள்.

முதலாளியைப் பார்த்தேன். மலைக்காரர் நோட்டீஸைக் கண்ணாடி ஏற்றிப் பார்த்தவர் அவர். பென் டிரைவின் கயிறு அப்போதும் அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"புதுசா அடிச்சிக் குடுத்துர்றேங்க. இவன நான் கண்டிச்சி வெக்கறேன்" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. செயலாளர்மேல் வந்த கோபத்தைவிட அந்தத் தொங்கும் கயிற்றைப் பார்த்து வந்த வெறுப்புதான் அதிகம். அவர் கேட்ட கேள்வியாவது வாய்விட்டுக் கேட்டது. இவர் இத்தனை வருஷம் அதே கேள்வியை உள்ளேயே வைத்துக்கொண்டு, எனக்குச் சம்பளம் கொடுத்துவந்திருக்கிறார்.

அவர்கள் போனதும் முதலாளி என் தோளில் கை வைத்தார். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், போராட்டம் முடிகிற வரைக்கும் உள் ரூமில் உட்கார்ந்து வேலை பார், முன்னால் தன் மச்சான் உட்காரட்டும் என்றார். உள் ரூம் என்பது ஃபிளெக்ஸ் சுருள்களும் மை டப்பாக்களும் கிடக்கும் இடம். ஜன்னல் கிடையாது, ஸ்டூல் போட வழியும் கிடையாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தோன்றியது. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. அங்கே போட்டுக் கொடுத்த இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர்கள் நோட்டீஸுக்கு மறுபடி ‘இ’ வைத்துக் கொடுத்தேன்.

போராட்டம் ஓய்ந்தது. முன்னால் மச்சான்தான் உட்கார்ந்திருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. அவர் அடிப்பதில் ‘இ’ இருக்காது. பிரிண்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார், நான் ஃபைலைத் திறந்து ஒட்டிக் கொடுப்பேன்.

அடுத்த திருவிழாவுக்கு மலைக்காரர் இறங்கி வந்தார். முன்னால் என்னைக் காணாமல் விசாரித்துக்கொண்டு உள்ளே வந்து, வாசற்படியிலேயே நின்று ரூமைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், இங்க உக்காந்துகினு இருக்கறீங்க?"

"எடம் ஒதுக்கிக் குடுத்திருக்காங்க" என்றேன்.

எழுத்து வளைவில் விழுந்துவிட்டது என்று சிரித்த மனிதர், இதற்குச் சிரிக்கவில்லை.